நடுவில் ஒரு காலி நாற்காலி

குவோபியோ என்னும் பனிநாட்டு நகரத்துச் சலவைக்கூடம் ஒன்றில் துணிகளை இஸ்திரி போடும் வேலை துவோவிக்கு. ஐம்பத்தெட்டு வயதுப் பெண், தனிக்கட்டை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதும் கேட்காமல் போயின. பேச்சு மட்டும் பழையபடி இருந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். வேலையிடத்துக் காபி அறையில் பத்து நாற்காலி காலியாகக் கிடந்தாலும் அடுத்தவரை ஒட்டி உட்கார மாட்டார்கள். நடுவில் ஒன்றை விட்டுத்தான் உட்காருவார்கள். கேட்டால் மரியாதை என்பார்கள். என்ன மரியாதையோ!

துவோவிக்காக அந்த மரியாதையை உடைத்தது அவளுடைய போன்தான். போனை ஒருவர் முகத்துக்கு நேரே பிடித்தால், அவர் பேசுவது திரையில் முகத்துக்குக் கீழே எழுத்தாக ஓடும். ஆனால் பக்கத்து அறை இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அதற்குப் பாதி விளங்காது. அதனால் கூட வேலை செய்யும் ராகேல் நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, போனைத் தானே பிடுங்கி வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு பேசுவாள். மேலாளரைப் பற்றிய வம்பு, மருமகளைப் பற்றிய புகார், எல்லாம் அதில் ஓடும். அவளுடைய சட்டையில் சோப்பும் ஏலக்காய் ரொட்டியும் மணக்கும். நாள் முழுக்க துவோவியை ஒட்டி ஒரு மனித உடம்பு இருந்தது அந்தக் காபி நேரத்தில் மட்டும்தான்.

இலையுதிர் காலத்தில் புதுவகைக் கண்ணாடி ஒன்று கடைக்கு வந்தது. மூக்கில் மாட்டிக்கொண்டால் போதும், எவ்வளவு இரைச்சலிலும் யார் பேசினாலும் அவர் பக்கத்தில் எழுத்து மிதக்கும். கூடத்தில் அதைப் பற்றி ஒரு பட்டிமன்றமே நடந்தது. இன்னும் கொஞ்ச காலத்தில் போனை யாரும் தொடமாட்டார்கள், எல்லாம் முகத்துக்கு வந்துவிடும் என்றாள் ராகேல். வண்டி ஓட்டும் யோவுகோ ஒப்புக்கொள்ளவில்லை. போன் என்றால் பையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம், முகத்தை எந்தப் பையில் போடுவது என்று கேட்டான். துவோவியும் சிரித்தாள். கடைசியில் ராகேல் கட்டாயப்படுத்தித்தான் அவள் கண்ணாடி வாங்கினாள்.

முதல் நாள் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அறையில் இருந்த எல்லோருடைய பேச்சும் தெரிந்தது. இரண்டாம் நாள் ராகேல் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, நடுவில் கைப்பையை வைத்தாள். இனி அருகில் வர அவசியமில்லையே. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. எழுத்தெல்லாம் பளிச்சென்றுதான் வந்தது. துவோவிதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். இதற்குப் போய் அழுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பனி கொட்டத் தொடங்கியபோது ஒரு திங்கட்கிழமை கண்ணாடியைப் பையிலேயே வைத்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். ராகேல் நாற்காலியை இழுத்தாள். தோள் இடித்தது. போன் திரையில் எழுத்து ஓடியது:

“கவலைய விடுடி. யோவுகோ இன்னிக்குக் கடைப்பக்கம் போறான். குடுத்தனுப்பு, சரி பண்ணிடலாம். உனக்கு எதுக்கு இந்தப் போனோட மல்லாட்டம்?”

துவோவி பையைத் திறந்தாள். கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அது திரும்பி வந்தது. ராகேல் அதைக் கையில் கொடுத்துவிட்டு, நடுவில் கைப்பையை வைத்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். துவோவி மாட்டிக்கொண்டாள்.

“ஒண்ணும் கெடலையாமேடி. நல்லாத்தான் வேலை செய்யுதாம்.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் துவோவி. “நீ பக்கத்துல உக்காரணும்னுதான் அப்படிச் சொன்னேன்.”

ராகேலின் முகம் சிவந்தது. காபியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். பிறகு எழுத்து மிதந்து வந்தது, ஒரு பிழை இல்லாமல்.

“சொல்லியிருந்தா உக்காந்திருப்பேனேடி.”

நடுவில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்து வரவில்லை. துவோவியும் நகர்ந்து போகவில்லை. காபி ஆறும்வரை இரண்டு பேரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.