மரக்காணத்தில் பார்க்க வேண்டிய மூன்றாவது இடம்

பாண்டிச்சேரியில் வந்து தங்கும் வெள்ளைக்காரர்களுக்கு மரக்காணம் பக்கம் பார்க்க மூன்று இடங்கள் உண்டு. சோழர் காலத்துக் கோயில் ஒன்று. வடக்கே போனால் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை. மூன்றாவது, மாயவனின் உப்பு அம்பாரம். முதல் இரண்டுக்கும் ராஜா, நவாபு என்று ஆள் இருந்தார்கள். மூன்றாவதைச் சேர்த்தவன் டாக்சி டிரைவர் தேவநாதன். மாயவனின் உப்பளத்தை ஒட்டி ஒரு புளியமரம் நிற்கிறது, அதன் நிழலில் காரை நிறுத்தலாம். சரித்திரம் அவ்வளவுதான்.

பக்கத்து அளத்துக்காரன் தேசப்பனுக்கு இந்தச் சரித்திரம் செரிக்கவில்லை. அவனுடைய அம்பாரம் மாயவனுடையதைவிட ஓர் ஆள் உயரம். உப்பும் வெளுப்பு. ஆனால் கார் கதவு திறக்கும், கேமராக்கள் இறங்கும், எல்லாம் மாயவன் பக்கமே திரும்பும். தேசப்பன் வரப்பில் நின்று இருமிப் பார்ப்பான். பாத்தியில் உப்பு வாரும் பலகையை வேண்டுமென்றே தடாலென்று போடுவான். ஒரு வெள்ளைக்காரரும் திரும்பியதில்லை.

அந்த மனிதனுக்கு ஊரில் மதிப்பில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மழை வரப்போவது அவன் மூக்குக்கு முதலில் தெரியும். காற்று மாறினால் பனையோலையைத் தூக்கிக்கொண்டு அம்பாரத்தை மூடக் கிளம்பிவிடுவான். "தேசப்பன் மூட்றான்பா!" என்று ஒரு குரல் கேட்டால் போதும், கடைசி அளம்வரை எல்லோரும் ஓலைக்கு ஓடுவார்கள். வானிலை அறிக்கையை ரேடியோவில் பொழுதுபோக்குக்குக் கேட்பதோடு சரி. தேசப்பன் இதையெல்லாம் பெருமையாக எண்ணியதே கிடையாது. யாரும் போட்டோ எடுக்காத விஷயத்தில் என்ன பெருமை?

எழுபத்தைந்தாம் வருஷம் ஆடியில், எந்தச் சீமையிலிருந்தோ ஒரு படம் தேவநாதன் மூலமாக வந்து சேர்ந்தது. தலைப்பாகையும் தோளில் பலகையுமாக மாயவன், பின்னால் உப்பு. உப்பைக் கண்டுபிடித்தவனே அவன்தான் என்கிற மாதிரி ஒரு நிற்பு. கண்ணாடி போட்டு கலியமூர்த்தியின் டீக்கடையில் மாட்டினார்கள். தேசப்பன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தான். எதிர்ச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்குள்ளும் மாயவன்.

பொறுக்காமல் ஒருநாள் தேவநாதனை மடக்கினான்.

"ஏம்பா, என் அளத்துல இன்னா, கரியா வெளையுது?"

"உன்னுதுதான் பெருசுண்ணே, நான் இல்லன்னு சொல்லல. ஆனா புரட்டாசி பொறந்தா போதும், நீ ஓலையப் போட்டு குடிசை கட்டிடற. அவுங்க சீசனே அப்பதான் ஆரம்பிக்குது. மாயவனாவது கார் வந்தா ஓலைய வெலக்கிக் காட்டறான். உன் குடிசையக் காட்டி இன்னான்னு சொல்றது?"

"மூடலன்னா?"

"மூடாம வையி. வண்டிய உன் எதுருலயே நிறுத்தறேன்."

புரட்டாசி பிறந்தது. தேசப்பனின் அம்பாரம் திறந்தபடி பளபளத்தது. அவன் மூடவில்லை என்பதால் யாரும் மூடவில்லை.

அவன் மனைவி அம்சவள்ளிக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. "வெள்ளைக்காரி வந்து பாப்பான்னு உப்பைத் தொறந்து போட்டுக்கினு, சவரம் பண்ணிக்கினு நிக்கிறியே, வெக்கமா இல்ல? மழை வந்துதுன்னா வருஷம் பூரா அவளா சோறு போடுவா?"

"எப்ப வரும்னு எனக்குத் தெரியாதா? நீ போ."

தெரியும். சிக்கலே அதுதான்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் கார் வந்தது. புளியமரத்தைத் தாண்டி வந்து தேசப்பன் எதிரிலேயே நின்றது. தொப்பி வைத்த ஓர் அம்மாள் இறங்கி, அம்பாரத்தைப் பார்த்து, வாயில் கை வைத்து வியந்தாள். அப்பால் தன் வரப்பில் மாயவன் வேலையில்லாமல் நிற்பதைத் தேசப்பன் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவனுக்கு இவ்வளவு நல்ல சாயங்காலம் வாய்த்ததில்லை.

அப்போது காற்று மாறியது. மேற்கே, திண்டிவனம் பக்கம், ஈர மண் வாசனை.

ஓடி ஓர் ஓலையைப் போட்டிருந்தால் போதும், ஊரே மூடியிருக்கும். மாயவனும் மூடியிருப்பான். ஆனால் அந்த அம்மாள் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தாள். 'அசையாதே' என்று கையைக் காட்டினாள். தேசப்பன் அசையவில்லை.

"இன்னாப்பா, காத்து ஒரு மாதிரி இருக்குது?" என்று மாயவன் அங்கிருந்து கத்தினான்.

"ஒண்ணுமில்ல, சும்மா கெட!" என்றான் தேசப்பன், பல்லைக் காட்டியபடியே.

கிளிக் என்றது. பின்னாலேயே மழை வந்தது. கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆணும் பெண்ணும் ஓலையோடு ஓடினார்கள். ஆனால் கரைவதில் உப்பு முந்திக்கொண்டது. விடிந்தபோது ஒவ்வோர் அளத்திலும் பாதி அம்பாரம்தான் மிச்சம். தேசப்பனுடையதும் அப்படித்தான்.

"மேகமே இல்லப்பா, திடீர்னு கொட்டிடுச்சு. என் உப்பும்தான் போச்சு" என்று ஊரெல்லாம் சொன்னான். சொந்த உப்பைக் கரைய விடுகிறவன் உண்டா என்று ஊரும் நம்பியது. மாயவன்கூட வந்து தோளில் கை வைத்து, "உனக்கே தெரியலன்னா எவனுக்குத் தெரியும்?" என்றான்.

தையில் படம் வந்தது. கலர்! மாயவனுடையது வெறும் கருப்பு வெள்ளை. தேசப்பன் அதில் தன் சட்டையின் நிறத்தைப் பார்த்தான், தன் அம்பாரத்தின் உயரத்தைப் பார்த்தான், நேரே போய் மாயவனின் படத்துக்குப் பக்கத்தில், விரலளவு மேலே, ஆணி அடித்து மாட்டினான்.

மாயவன் டீ கிளாசோடு எழுந்து வந்து நெடுநேரம் பார்த்தான்.

"படம் ஷோக்காத்தான் இருக்குது. மூலையில கருப்பா தெரியுதே, அது இன்னா?"

மேகம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"சரி, அது போவட்டும். எல்லாரும் கேமராவப் பாப்பாங்க. உன் கண்ணு ஏம்பா அந்த மூலைக்குப் போவுது?"

கலியமூர்த்தி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து படத்தைப் பார்த்தார்கள், பிறகு தேசப்பனைப் பார்த்தார்கள்.

"கழட்டிக்கினு போயிடு தேசப்பா" என்றான் கலியமூர்த்தி தாழ்ந்த குரலில். "அடிச்சாலும் அடிப்பானுங்க."

தேசப்பன் எழுந்து படத்தின்மேல் கை வைத்தான். பக்கத்தில் தோளில் பலகையோடு அந்த நிற்பு. தன் படத்தைக் கழற்றினால் சுவரில் மாயவன் மட்டும்தான் இருப்பான்.

கையை எடுத்துக்கொண்டு, வந்து உட்கார்ந்து, "இன்னொரு டீ போடு" என்றான்.