கடப்பாரை கேட்டோம், பந்து வந்தது

1. மன்றம்

புதுத் தோல் பந்துக்குக் காற்றடிக்கும்போது ஒரு வாசனை வருமே, அது எங்கே வந்தாலும் கூடவே எனக்கு எரிச்சலும் வரும். மற்றவர்களுக்கு அது பள்ளிக்கூடம். எனக்கு அது அறுபதுகளில் செஞ்சிப் பக்கம் கிராம சேவக் உத்தியோகத்தில் சைக்கிள் மிதித்த வெயில்.

என் சரகத்தில், யாரோ உருட்டிக் குவித்துவிட்டு மறந்துபோன மாதிரி ஒரு பாறைக் குன்று. அதன் அடியில் இருளர் குடிசைகள். ஊர்க் கிணற்றில் அவர்கள் கயிறு விடக் கூடாது. பெண்கள் குடத்தோடு ஒதுங்கி நிற்பார்கள். யாராவது மனசு வைத்து ஊற்றினால்தான் தண்ணீர்.

அங்கே கன்னியப்பன், அவன் தங்கை குப்பு, இன்னும் சில இளவட்டங்கள். குன்றில் வழிகிற மழைத் தண்ணீரைத் தேக்க, அடியிலிருந்த பள்ளத்தைத் தோண்டிக் குட்டையாக்குவது என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். கையில் இருந்ததோ எலி வளை தோண்டும் சின்னக் கடப்பாரைகள்.

"நீ ஆபீஸ்ல பெரிய கடப்பார மட்டும் வாங்கிக் குடு சாமி. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றான் கன்னியப்பன்.

எழுதிப் போட்டேன். வந்தது ஒரு வாலிபால், ஒரு வலை, ஒரு பம்பு.

என் மேலதிகாரி பி.டி.ஓ.விடம் ஓடினேன்.

"சார், நான் கடப்பாரை கேட்டேன்."

"யார் பேர்ல கேட்ட?"

"இளைஞர் மன்றம்னு..."

"மன்றம்னா பந்துய்யா! கூலி வேலைன்னு எழுதியிருந்தா கடப்பார."

"மாத்தி எழுதிடறேன் சார்."

"எழுது. அப்ப கான்ட்ராக்டர் வருவான், அவன் ஆளத்தான் வெப்பான். பரவால்லயா?"

மாற்றி எழுதவில்லை.

2. ஆட்டம்

"இன்னா சாமி, இத்த வெச்சி மண்ணு தோண்டணுமா?" என்று பந்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள் குப்பு.

சின்னக் கடப்பாரைகளாலேயே தோண்டினார்கள். வலைமேல் சாக்கை விரித்து, நாலு பேர் நாலு முனையைப் பிடித்து மண் சுமந்தார்கள்.

மன்றம் எப்படி ஆடுகிறது என்று பார்க்க மேலேயிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். சுற்றிலும் பாறை. சமதரை என்று இருந்தது குட்டையின் அடித்தரை ஒன்றுதான். வலையை அங்கேயே கட்டினோம். ஒரு பையன் எகிறிப் பந்தைப் பிடித்தான். திருப்பித் தள்ளவே இல்லை.

"தட்டுடா!" என்று கத்தினேன்.

"கைக்கு வந்தத இன்னாத்துக்கு சாமி விடணும்?"

எலியும் பாம்பும் பிடித்தே வாழ்கிறவர்கள்.

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். "பள்ளமா இருக்கறதால பந்து வெளிய ஓடாது. பிரமாதம்! இதையே மன்றத்து மைதானமாப் பதிவு பண்ணிடறேன்."

"சார், இது குட்டை."

"மைதானம் குடுத்தா வேணாங்கற மொத ஆளு நீதான்யா!"

3. மழை

அடுத்த உத்தரவு: மைதானத்துக்குள் தண்ணீர் புகக் கூடாது, குன்றிலிருந்து குட்டைக்கு வெட்டிய வாய்க்காலை அடைத்தே வை. அதைச் சொல்லப் போக வேண்டியவனும் நான்தான். ஐப்பசி மேகம் குன்றின்மேல் எருமைக் கூட்டமாகப் படுத்திருந்தது.

தோண்டி முடியும்வரை தண்ணீர் வராமலிருக்க வாய்க்கால் முகப்பில் போட்டிருந்த மண்ணணையின்மேல் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான்.

"குட்ட நெறஞ்சா எங்க பொம்பளைங்க ஊர்க் கெணத்தாண்ட போயி நிக்க வாணாம். நெறயலன்னா நிக்கணும். நீயே சொல்லு சாமி, அடச்சே வெக்கட்டுமா?"

உத்தரவை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். முதல் துளி விழுந்ததும் அவன் இறங்கி அணையை வெட்டினான்.

வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரு வேலைக்கு நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். செய்கிறவர்கள் ஏற்கெனவே வைத்திருப்பார்கள். அதையே எழுதுங்கள். அதற்குத் திட்டத்தில் இடமில்லையென்றால் திட்டத்தோடு சண்டை போடுங்கள்.

மழை விட்டதும் ஜீப் மறுபடி வந்தது. குட்டை தளும்பிக்கொண்டிருந்தது. பெண்கள் யாரையும் கேட்காமல் குடம் முக்கிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், மைதானம் எங்கய்யா?" அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. கோபமாகப் போய் ஜீப்பில் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார். "இப்ப நான் என்னன்னுய்யா எழுதறது?"

நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே குப்பு சொன்னாள்:

"நீச்சப் போட்டின்னு எழுதிக்க சாமி."