சுந்தர்ராஜ் மச்சானின் நாலாவது தந்தி

என் அக்கா கிருபாவதியைக் கட்டிய சுந்தர்ராஜ் மச்சானுக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. தேனி பஜாரில் அவருக்கு இரும்புக்கடை. கல்லாவில் உட்கார்ந்தபடியே தராசைத் திருகுவார், ஆணிப்பெட்டிகளை இடம் மாற்றுவார், அப்புறம் வந்த ஆள் கேட்ட ஆணி எங்கே என்று தெரியாமல் முழிப்பார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கிற ஆள் என்று, அவர் பெண் கேட்டு வந்த அன்றே எங்கள் அம்மா சொல்லிவிட்டது.

அப்படிப்பட்டவர் கையில் ஆள் உயரத்துக்கு ஒரு வாத்தியம் வந்து சேர்ந்தது. டபுள் பேஸ். கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. வயலினை ஊதிப் பெரிதாக்கி நிறுத்திய மாதிரி இருக்கும், நாலு தந்தி, நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். உட்காரத் தெரியாத மனிதருக்குப் பொருத்தம்தான். எங்கள் மெல்லிசைக் குழுவில் மச்சான் பேஸ், அக்கா பாட்டு, மைக் செட்டும் ஜெனரேட்டரும் என்னுடையது. விஜய்ராஜ் சவுண்ட் சர்வீஸ் என்றால் அப்போது கூடலூர் வரைக்கும் தெரியும்.

பேஸின் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வரும். திருவிழாவில் ஒரு பக்கம் கொட்டு, ஒரு பக்கம் ராட்டினம் என்று இரைச்சலாக இருக்கும்போது அதற்குச் சுதி சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மச்சான் வாத்தியத்தின் கழுத்தில் காதை ஒட்டிக்கொள்வார். அக்கா பக்கத்தில் நின்று சுரத்தை முனகுவாள். அவள் போதும் என்ற பிறகும் ஒரு திருகு திருகாவிட்டால் அவருக்குக் கை அடங்காது. மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பார்கள்.

2003-ல் சென்னையில் இருந்து எலக்ட்ரானிக் டியூனர் ஒன்று வாங்கிவந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. தந்தியை மீட்டினால் அதற்குள் இருக்கும் குட்டி மைக் கேட்டுக்கொள்ளும், முள் ஆடும். முள் நடுவில் நின்றால் சுதி சரி, வலது பக்கம் சாய்ந்தால் கூடுதல், இடது பக்கம் என்றால் குறைவு. அன்றோடு அக்காவைக் கேட்பதை விட்டுவிட்டார்.

அடுத்த தை மாதம் கம்பத்தில் வியாபாரிகள் சங்கத்து ஆண்டுவிழா. ஏற்பாடு செய்தவர் ஏலக்காய் வியாபாரி சேக் பரீத் பாய். ஜெனரேட்டரைத் தெருமுனையில் வைக்கச் சொல்லியிருந்தார். எனக்கு ஒயர் பத்தவில்லை. இன்னொரு ரோல் எடுத்துவரச் சோம்பல்பட்டு, மேடைக்குப் பின்னால், மச்சான் நிற்கும் இடத்தை ஒட்டியே இறக்கிவிட்டேன்.

மூன்று தந்தி ஒழுங்காகச் சேர்ந்தது. அதற்குள் நான் ஜெனரேட்டரைப் போட்டேன். மச்சான் நாலாவதை மீட்டினார், முள் கொஞ்சம் கூடுதல் என்றது. இறக்கினார். அப்போதும் கூடுதல். மறுபடி இறக்கினார். முள் அசையவே இல்லை. நான் லைட்டுகளைப் போட்டதும் பாரம் ஏறி ஜெனரேட்டரின் வேகம் லேசாகக் குறைந்தது, அந்த நேரம் பார்த்து முள் நடுவில் வந்து நின்றது. மச்சானுக்கு ஒரே சந்தோசம். நாலாவது மற்றதோடு ஒட்டவில்லை என்று அவர் காதுக்கே தெரிந்தது. ஆனால் முள் சரி என்கிறதே. அதனால் நன்றாக இருந்த மூன்றையும் அதற்குத் தக்கபடி இறக்கிவிட்டார்.

இறங்கிப்போச்சு, காது கூசுது என்று அக்கா சொன்னாள்.

"மிஷின் பொய் சொல்லாது. ஒன் காதப் பாரு" என்றார் மச்சான்.

கீபோர்டு ஒரு சுதி, பேஸ் ஒரு சுதி. நடுவில் அக்கா மாட்டிக்கொண்டு அங்கும் இங்கும் தடுமாறினாள். மூன்றாவது பாட்டில் பாதியிலேயே மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள். பாட்டுக்காரம்மாவுக்குத் தொண்டை போயிருச்சு என்று கூட்டம் பேசியது. போடியில் பேசி முடித்திருந்த கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பாடச் சொன்னார்கள். அவர் வாசிக்கிற மேடையில் இனி ஏறமாட்டேன் என்றாள் அக்கா. சர்ச் கொயரில்கூடப் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தாள். இருபது வருசம் பாடியவள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மச்சான் என் குடோனுக்கு வந்தார். ரிப்பேர் பார்த்த ஜெனரேட்டரை ஓடவிட்டிருந்தேன். சும்மா இராமல் டியூனரை எடுத்து டீசல் டிரம்மின் மேல் வைத்தார். தந்தியும் இல்லை, வாத்தியமும் இல்லை. முள் கூடுதல் பக்கம், அன்றைக்கு அசையாமல் நின்ற அதே இடத்தில் போய் நின்றது. ஜெனரேட்டரின் இரைச்சலைத்தான் அது தந்தி என்று கேட்டிருக்கிறது. மச்சான் முள்ளைப் பார்த்தார், ஜெனரேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டியூனரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஜெனரேட்டரை இடம் மாற்றி வைத்தது நான்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. தொழிலுக்குக் கெட்ட பேர் வரும் என்று பயம். அக்கா பேரைவிட என் பேர் எனக்குப் பெரிதாக இருந்தது, அதுதான் உண்மை.

அப்புறம் மச்சானைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மொபெட்டில் போடி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று சுற்றினார். கச்சேரி வைக்கிறவர்கள் வீடு வீடாக ஏறி முள்ளையும் ஜெனரேட்டரையும் விளக்கினார். தப்பு என் மேல, அவ மேல இல்ல என்றார். எவருக்கும் விளங்கவில்லை. புருசனே வந்து இவ்வளவு சொல்கிறார் என்றால் தொண்டையில் என்னமோ பெரிசாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். சின்னமனூரில் ஆப்பரேசன் என்றே பேச்சு. அது அக்கா காதுக்கு வந்த அன்று வீட்டில் சோறு பொங்கவில்லை.

அதோடு ஊர் சுற்றுவதை விட்டுவிட்டுக் கடையில் குடைய ஆரம்பித்தார். பழைய அலாரக் கடிகாரத்தில் சத்தம் போடுகிற பித்தளை வில்லையைக் கழற்றி, ஒயர் வைத்து டியூனரில் செருகி, துணி காயப்போடும் கிளிப்பால் பேஸில் கவ்வவிட்டார். மரத்தில் ஏறுகிற அதிர்வு மட்டும்தான் இப்போது அதற்குக் கேட்கும். என் ஜெனரேட்டர் பக்கத்தில் கத்தியது. முள் தந்தி சொன்னதை மட்டும் கேட்டது.

கார்த்திகையில் என்னையும் கூட்டிக்கொண்டு சேக் பரீத் பாய் கடைக்குப் போனார். இந்த வருசமும் கிருபாவதி பாட ஒரு வாய்ப்பு வேண்டும் என்று கேட்டார். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி. நா தெருமுனையில வைக்கச் சொன்ன ஜெனரேட்டர மேடைக்குப் பின்னால வச்சது யாரு?"

"அது எங்கன இருந்தா என்ன பாய். பொண்டாட்டி சொன்னதக் கேக்காதது நாந்தான."

பத்து மாதத்தில் ஏறிய அத்தனை வீட்டிலும் மச்சான் இதைத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு இடத்திலும் என் பேர் வரவில்லை. டீ கிளாசைக் கீழே வைத்தேன். நாந்தான் பாய் வச்சேன் என்றேன்.

சாயங்காலம் அக்காவிடமும் போய், ஜெனரேட்டரை அங்கே வைத்தது நான் என்றும், மச்சான் என் பேரை எங்குமே சொல்லவில்லை என்றும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அவுகளுக்கு இது எப்பத் தெரியும்?"

மறு மாசமே தெரியும் என்றேன். அவள் கை நின்றுவிட்டது.

"பத்து மாசமா அந்த மனுசருக்கு மொகங்குடுத்துப் பேசலையே நான்" என்றாள். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பேஸு அவுகளே வாசிக்கட்டும், நா பாடுறேன். மைக் செட்டுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு."

அந்தத் தையில் கம்பத்தில் ஆண்டிபட்டிக்காரர் ஒருவரின் மைக் செட். நான் கூட்டத்தோடு நின்று கேட்டேன். சுதி அப்படி ஒட்டியிருந்தது. அக்கா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஜனம் கைதட்டியபோது மச்சான் மேடையில் இருந்து என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைக் காட்டினார். அக்கா நான் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.