மயக்க மருந்துக்கு முன்னால் ஒரு பரோட்டா

நான் அமீரகத்தின் ருவைஸில் வெல்டர். தீப்பொறிக்கு அஞ்சாத எனக்கு, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்றதும் தூக்கம் போய்விட்டது. கத்தியைவிட மயக்க மருந்தென்றால்தான் பயம். இந்தச் சின்ன ஊரில் அதைச் சரியாகக் கொடுக்க ஆள் உண்டா என்று தொழிலாளர்கள் தங்கும் எங்கள் கேம்ப் முழுக்க விசாரித்தேன். ஆஸ்பத்திரியில் மட்டும் கேட்கவில்லை.

முதல் நாள் இரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் திரும்ப எழுந்திருக்காவிட்டால் பட்டினியோடல்லவா போக வேண்டும்! காலையில் ஆஸ்பத்திரிக்கு எதிர் கஃபேடீரியாவில் கெட்டியான கரக் டீயில் பரோட்டாவைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் டீக்கு நின்ற பெண் போனில் தமிழ் பேசவும், அவரிடமும் புலம்பினேன்.

"ஒரு மணி நேரத்துல எனக்கு ஆபரேஷன்மா. இந்த ஊர்ல மயக்கம் குடுக்க நல்ல ஆள் உண்டா?"

அவர் என் தட்டைப் பார்த்தார். "உண்டுண்ணே, மயக்கம் குடுக்குற டாக்டர்கூட நிக்கிற நர்ஸ் நாந்தான். மொதல்ல பரோட்டாவக் கீழ வைங்க!"

மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தாம்.

"உள்ள வந்தப்பறம், சாப்பிட்டீங்களான்னு நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலன்னுதான்..." என்று அசடு வழிந்தேன்.

அவர் டாக்டரிடம் சொல்லி ஆபரேஷனை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்.

மறுநாள் ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தபோது, "இன்னைக்கு என்னண்ணே டிபன்?" என்றார்.

"எச்சில்தாம்மா. அதுவும் பயத்துல வத்திப்போச்சு."

அவர் சிரித்தது பாதிதான் கேட்டது. தூங்கிவிட்டேன்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் கேட்டால் ஒரு வாய் தண்ணீரைக்கூட மறைப்பதில்லை. கேம்பில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் முதல் நாள் இரவே அந்த ஆளின் கட்டில் பக்கத்தில் காவல் உட்கார்ந்துவிடுகிறேன். "ஒரு பிஸ்கட்டுக்குக்கூட வழி விடலியேடா, பாவி!" என்று திரும்பி வந்து திட்டுகிறார்கள்.

திட்டட்டும். திரும்பி வந்துதானே திட்டுகிறார்கள்!