முப்பத்தொன்பது நிமிஷம்

நடந்தவை இவை:

1. முப்பத்தாறாம் வருஷம், ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. மயிலாப்பூர்க் கடற்கரைக் குப்பத்தில் எங்கள் அம்மா நிமோனியாவில் கிடந்தாள். "புதன்கிழமை ராத்திரியைத் தாண்டுவது கஷ்டம்" என்றார் டாக்டர்.

2. என் அண்ணன் சூசை பம்பாய்க்கு ஃபிட்டர் வேலைக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றே அவருக்குத் தந்தி கொடுத்தேன்.

3. செவ்வாய் காலை வண்டி ஏறினால் ஏறக்குறைய முப்பது மணி நேரம். புதன் மாலை வந்துவிடலாம்.

4. அவர் வண்டியைத் தவறவிட்டார். அடுத்த வண்டி மறுநாள்தான்.

5. தவறவிடச் செய்தது நான்.

நான் தந்தி ஆபீசில் பயிற்சி பெற்று வேலை பார்ப்பவள். பம்பாயில் ஊர்க் கடிகாரங்கள், நாடு முழுவதற்கும் பொதுவான ரயில் நேரத்துக்கு முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால் ஓடும். புதிய ஊரில் அண்ணன் குழம்புவாரே என்று, ஊர் நேரத்தையே கணக்கிட்டுத் தந்தியில் எழுதினேன். வண்டி ரயில் நேரப்படி பத்து மணிக்கு. கழித்து, ஒன்பது இருபத்தொன்று என்று எழுதியிருக்க வேண்டும். கூட்டி, பத்து முப்பத்தொன்பது என்று எழுதினேன். சரிபார்க்கவில்லை. என் கணக்கு தப்பாது என்ற கர்வம்.

செவ்வாய் மதியம், நாளைதான் புறப்படுவதாக அவருடைய தந்தி வந்தது. படித்ததுமே என் தவறு புரிந்தது.

"இன்னாடி, ஏறிட்டானா?" என்றாள் அம்மா.

"வண்டிய விட்டுட்டாராம்."

அதற்கு மேல் சொல்லவில்லை.

"தூங்கிக்கினு இருந்திருப்பான், சோம்பேறி." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கஞ்சி வேண்டாமென்றாள்.

மாதா படத்தின் முன் மண்டியிட்டேன். ஒரே ஒரு நாள் கேட்க நினைத்தேன். செபம் வரவில்லை. பழியை அண்ணன்மேல் விட்டுவிட்டு எந்த வாயால் கேட்பது? எழுந்துபோய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு, மூச்சு இரைக்கச் சிரித்தாள்.

"அடிப்பாவி, மீன் கூடை தூக்கி உன்னப் படிக்கவெச்சது இதுக்கா? எனக்கே கழிக்கத் தெரியும்டி."

"மன்னிச்சிடும்மா."

"அழுவாத. அவன் மேல தப்பில்ல, அது போதும். கஞ்சி கொண்டா. அவன் வர்ற வரைக்கும் இங்கதான் கீறேன்."

அதன் பிறகுதான் எனக்குச் செபம் வந்தது. செபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

புதன் இரவு கடந்தது. வியாழன் காலை டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். மாலை அண்ணன் உள்ளே நுழைந்தார். "என் வாட்ச் ஸ்லோவாப் போயிடுச்சும்மா" என்று அழுதார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை மாலை, அண்ணன் கையைப் பிடித்தபடியே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

நம் செபக்கூட்டத்துச் சகோதரிகளே, நான் கெடுத்த ஒரு நாளுக்கு ஆண்டவர் இரண்டு நாளாகக் கொடுத்தார். அதற்கு நான் தகுதியானவள் அல்ல. இப்போது எந்த வேண்டுதலுக்கும் முன்னால், மறைத்தது ஏதும் உண்டா என்று முதலில் எண்ணிப் பார்க்கிறேன். நீங்களும் மறைத்ததைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் கேட்பார்; நம்புங்கள்.

போன மாதம் அண்ணன் எழுதியிருந்தார்: கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்தாராம், அதில் ஒரு பழுதும் இல்லையென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அன்றே உண்மையை எழுதிப் போட்டேன்.

கடிதம் போக இரண்டு நாள். பதில் வர இரண்டு நாள். இன்று இருபத்தாறாம் நாள். பதில் இன்னும் வரவில்லை.