எதிர் வீட்டுக்கு ஆட்டோ

வேங்கிக்காலில் நானும் பாஷா பாயும் எதிரெதிரே மனை வாங்கியபோது நடுவே இருந்தது ஒரு சின்ன சாலை.

"பெரிய ரோடு வந்தா ஊரே நம்ம வாசலுக்கு வந்துடும் சார்" என்றார் அவர். நம்பினேன்.

சாலை வந்தது. அதன் நடுவே இடுப்பளவு தடுப்புச் சுவரும் வந்தது. தினமும் மாலை அவர் வீட்டில் டீ குடித்தவன், இப்போது மாடியிலிருந்து கை காட்டுகிறேன்.

நாளை அவர் வேலூருக்கு, மகன் வீட்டோடு போய்விடுகிறார். அதனால் இன்று ஓர் ஆட்டோவை நிறுத்தி, எதிர் வீட்டைக் காட்டினேன்.

"இன்னா சார், தமாஷ் பண்றீங்களா?"

"இல்லப்பா, அங்கதான் போகணும்."

நெடுந்தூரம் போய்த் திரும்பி வந்து இறக்கிவிட்டார்.

கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே பாய் உட்கார்ந்திருந்தார். வீட்டைக் கார் ஷோரூமுக்கு விற்றுவிட்டாராம்.

போகாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "மேம்பாலம் கட்டப் போறாங்களாமே பாய், வசதி ஜாஸ்தியாயிடும்."

"மேல வண்டிதானே சார் போவும்? மசூதி உங்க பக்கம் கீது. நான் எப்படி வர்றது?"

அவர் நீட்டிய டீயைக் குடித்தேன்.

வீடு திரும்ப, எதிர்த்திசையில் இன்னொரு சுற்று. மாடியேறிக் கை காட்டினேன். அவரும் காட்டினார்.

நண்பர்களே, உங்கள் எதிர் வீட்டுக்கு நீங்கள் இன்னும் நடந்தேதான் போகிறீர்களா?