சால்வைக்குக் கஞ்சி போட்டவன்

போன வாரம் புதன்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கம்பளிச் சால்வை யார் உதவியும் இல்லாமல் எழுந்து நின்றது.

காரணம் நான்தான். என் வேட்டிகளுக்கு நானே கஞ்சி போடுகிறவன். சனிக்கிழமை இமாச்சலத்திலிருந்து சம்பந்தியம்மா வருகிறார். மூன்று வருடத்துக்கு முன் அவர் கையால் நெய்து தந்த சால்வையும் மொடமொடவென்று இருக்கட்டுமே என்று... ஆறின வடிகஞ்சியில் முக்கிவிட்டேன். காய்ந்ததும் அப்பளம்!

"கம்பளிக்கு யாராவது கஞ்சி முக்குவாவளா? ஒரு பனிக்காலம் முழுக்க இருந்து நெய்ததாக்கும். எந்த மூஞ்சிய வச்சிட்டு அவிய முன்னால நிப்பேன்?" மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே மருமகள் நேஹாவுக்கு போன் போட்டாள்.

"பக்கத்து வீட்டுல கம்பளிக்குக் கஞ்சி போட்டுட்டாவ மக்கா. என்ன செய்ய?"

"பச்சைத் தண்ணியில ஊறப் போடுங்க அத்தை. கஞ்சி போற வரைக்கும் தண்ணி மாத்துங்க. பிழியவே கூடாது, டவல்ல சுருட்டி அமுக்கணும். கொடியில தொங்கப் போட்டா இழுத்துக்கும். நிழல்ல, பாயில விரிச்சுக் காய வைங்க." கொஞ்சம் நிறுத்தி, "பக்கத்து வீட்டு மாமாகிட்ட மறக்காம சொல்லிடுங்க" என்றாளாம்.

ஆறு தடவை தண்ணீர் மாற்றினோம். பிறகு ஃபேனுக்கு அடியில் பாய். வெள்ளிக்கிழமை மாலை தொட்டுப் பார்த்தால்... பழைய மெத்தென்ற சால்வை! மனைவி அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை சால்வை இருந்த பெட்டியைச் சம்பந்தியம்மாவே திறந்தார். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலை வைத்து — எல்லாம் முறைப்படி. தடவிப் பார்த்துச் சிரித்தார். தப்பித்தோம்!

கூடவே என் துண்டுச் சீட்டு இருந்தது. ஒன்பது தேதிகள். எண்களை வாசிக்க அவருக்குத் தமிழ் தெரிய வேண்டுமா என்ன?

"இதெல்லாம் போர்த்திக்கிட்ட நாளான்னு அம்மா கேக்கறாங்க" என்றாள் கூட வந்திருந்த நேஹா.

"இல்லம்மா... பெட்டியில இருந்து எடுத்துக் காத்தாட விட்ட நாள்."

"அப்போ போர்த்திக்கிட்ட நாள்?"

கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட டைரியில் எழுதுகிறவன் நான். போர்த்திய தேதி அதில் ஒன்றுகூட இல்லை. பூச்சியிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் சால்வையைக் காப்பாற்றியவன், எங்களிடமிருந்தும் காப்பாற்றியிருக்கிறேன்! உங்கள் பீரோவிலும் இப்படி ஒன்று இருக்குமே... 'நல்ல துணி' என்ற ஒரே குற்றத்துக்காக உள்ளே கிடப்பது?

சம்பந்தியம்மா சால்வையை ஒரு உதறு உதறி மனைவியின் தோளில் போர்த்தினார். அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றவள்தான். நகரவே இல்லை.

திங்கள் மதியம் சம்பந்தியம்மாவை ரயிலேற்ற ஆட்டோவில் போனோம். வடசேரியில் டிராஃபிக், கொளுத்தும் வெயில். மனைவியின் நெற்றியில் வியர்வை வழிகிறது. சால்வை மட்டும் தோளை விட்டு இறங்கவில்லை.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கேட்டேவிட்டார்: "அக்காவுக்கு நல்ல காய்ச்சலோ? ஆஸ்பத்திரிக்கு விடட்டா?"

"நீ ஸ்டேஷனுக்கு விடு மக்கா. இது எங்க சம்பந்தி நெய்ததாக்கும்!"